நெட்டச்சிக்குப் பழகிய சத்தம்

என் வாயை அடைத்த ஒரே ஜீவன் இந்த உலகத்தில் ஒரு கொக்குதான். என் மாமியாரால் முடியவில்லை, வீட்டுக்காரரால் முடியவில்லை, பல் டாக்டராலேயே முடியவில்லை. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு, அவர் போட்டிருந்த கோட்டுக்குத் தோள்பட்டை சரியில்லை என்று கையாலேயே சொல்லிவிட்டு வந்தவள் நான். தையல்காரிக்கு வாய்தான் பாதிப் பிழைப்பு. துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு மட்டுமா கொடுக்கிறார்கள்? வீட்டுக் கதை முழுக்கக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

அப்படிப்பட்ட என்னிடம் வந்து நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, இன்னைலேர்ந்து வீட்டுக்குப் பின்பக்கம் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"ஏண்டி, யாருக்காவது பரீட்சையா?"

"பரீட்சைதான். கொக்குக்கு."

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. மிருக டாக்டர். ஊருக்கு வெளியே, அடிபட்ட காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பார்க்கிற சிகிச்சை மையத்தில் வேலை. நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் சீருடையைத் துவைக்க எடுத்தால் பாக்கெட்டிலிருந்து பல்லி குதிக்கும், ஒரு தடவை தவளை குதித்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவளோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஐயோ பாவம், பயந்துருச்சு" என்று தவளையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் நம்மைப்போல இல்லை, வேறு மாதிரி மண்ணில் செய்த பெண் என்று.

விஷயம் இதுதான். எங்கள் ஊரைத் தாண்டிப் பெரிய சதுப்பு நிலம் ஒன்று இருக்கிறது. அங்கே பெருங்கொக்குகள் ஒரு சின்னக் கூட்டமாக இருக்கின்றன. நின்றால் ஆள் உயரம். உடம்பு சாம்பல், தலை மட்டும் சிவப்பு. ஒரு காலத்தில் வானத்தை மறைக்கிற அளவுக்கு இருந்தனவாம். இப்போது கொஞ்சம்தான் மிச்சம். அந்த வருஷம் காலம் தப்பிப் பெய்த மழையில் கூடுகளெல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. நாத்தனார் இடுப்பளவு சேற்றில் இறங்கி, மிதந்துகொண்டிருந்த ஒரு கூட்டிலிருந்து ஒரே ஒரு முட்டையை எடுத்து வந்து, மையத்தில் இருந்த சூட்டுப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினாள். அது பொரிந்துவிட்டது.

"அங்கேயே வச்சு வளர்க்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அங்க நாய் குரைக்குது, கட்டட வேலை நடக்குது, நாள் பூரா ஆளுங்க பேசிக்கிட்டே இருக்காங்க. இந்தக் குஞ்சு யாரைப் பாக்குதோ, யார் குரலைக் கேக்குதோ, அவங்களைத்தான் அம்மான்னு நினைக்கும். மனுஷக் குரல் பழகிடுச்சுன்னா அவ்ளோதான் அண்ணி. சதுப்புல கொண்டுபோய் விட்டாலும் மனுஷங்க பின்னாடியே வரும். நாயோ வண்டியோ அடிச்சுப் போட்டுரும். இல்லைன்னா ஆயுசுக்கும் கூண்டுதான். நம்ம வீட்டுப் பின்னறை ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு அமைதியான இடம்."

நான் குடியிருக்கும் வீட்டை அமைதியான இடம் என்று ஒருத்தி வாய் கூசாமல் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் அவள் கண்ணைப் பார்த்தேன். மையத்தில் இவள் கேட்டதற்கு, மேலே இருப்பவர்கள் பெரிய மனதுபண்ணி ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் குஞ்சு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால், அடுத்த வருஷம் வெள்ளத்தில் போகிற முட்டைகளையெல்லாம் எடுத்து வளர்க்க அனுமதி. சேராவிட்டால் இதோடு சரி, குஞ்சும் மிருகக்காட்சிசாலைக்கு. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

உடனே வேலையில் இறங்கினேன். குஞ்சின் கண்ணில் மனித உருவமே படக்கூடாதாம். தலையிலிருந்து கால்வரை மூடுகிற சாம்பல் நிற அங்கி, முகத்துக்கு வலைத்துணி, வலது கையில் கையுறைபோல மாட்டிக்கொள்ள ஒரு கொக்குத் தலை. நாத்தனார் படம் வரைந்து கொடுத்தாள். படமா அது? வாத்துக்கு மூக்கடைப்பு வந்த மாதிரி இருந்தது. புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்லி நானே வெட்டினேன். மரத்தில் செதுக்கிய அலகு, பொத்தான் கண், கழுத்துக்குப் பஞ்சு, உச்சியில் சிவப்பு ஃபிளானல். கையில் மாட்டி அசைத்துக் காட்டியபோது என் வீட்டுக்காரர் காப்பியைச் சிந்திவிட்டார். இத்தனை வருஷ அனுபவத்தில் நான் தைத்ததிலேயே அழகான உருப்படி அதுதான், சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகு வீடு கப்சிப். ரேடியோ பரணுக்குப் போனது. வாடிக்கையாளர்களைத் தெருவாசலிலேயே நிறுத்தி, அங்கேயே அளவெடுத்து அனுப்பினேன். உள்ளே எல்லாம் சைகைதான். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் வந்து கை கால் கழுவியதும் பின்னறைக் கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்ட முடியாதே! அந்தத் தைரியம்தான் அவருக்கு.

நாத்தனார் மையத்துக்குப் போகிற நேரத்தில் தீனி கொடுப்பது என் பொறுப்பு. முதல் தடவை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது, இஞ்சி நிறத்தில் ஒரு பஞ்சுருண்டை, உடம்புக்குப் பொருந்தாத தடித்த கால்களோடு நின்றுகொண்டிருந்தது. நான் தைத்த அலகை அண்ணாந்து பார்த்தது. மெல்ல வந்து அலகின் நுனியிலிருந்த புழுவை எடுத்துக்கொண்டது. பிறகு என் அங்கியின் மடிப்பில் உடம்பைச் சாய்த்து, கண்ணைச் சொருகி, அப்படியே நின்றுகொண்டே தூங்கிவிட்டது. அம்மாடி, அந்த நிமிஷம் என் நெஞ்சுக்குள் என்னவோ ஆகிவிட்டது. எத்தனை வார்த்தை தொண்டைவரை வந்தது தெரியுமா? அத்தனையையும் விழுங்கினேன்.

பெயர் வைக்கக்கூடாது என்று நாத்தனார் சட்டம் போட்டிருந்தாள். எனவே நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன், நெட்டச்சி என்று. ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாத நாளிலேயே பெண் என்று முடிவுகட்டினேன். அந்த நடையைப் பார்த்தால் வேறென்ன நினைப்பது? ஒரு காலை எடுத்து வைக்குமுன் தரையை இப்படியும் அப்படியும் பார்க்கும். நகைக்கடைக்குள் நுழைகிற பணக்காரி தோற்றாள். பின்னால் இறகு ஒன்றை வைத்துச் சோதித்துவிட்டு நாத்தனாரும் பெண்தான் என்றாள். எனக்குத் தெரியாதா?

ஒரு பழக்கம் மட்டும் வேடிக்கையாக இருந்தது. பின்னறையில் வைக்கோல், சூட்டு விளக்கு எல்லாம் ஒரு பக்கம் இருக்க, நெட்டச்சி தூங்குவதென்னவோ எதிர்ப்பக்கச் சுவரோரம்தான். அந்தச் சுவருக்கு மறுபுறம் என் தையல் அறை. சுவர் கதகதப்பாக இருக்கும்போல என்று விட்டுவிட்டோம்.

உயரமாக வளர்ந்து, இஞ்சி நிறம் மாறிச் சாம்பல் இறகு மூடியதும், அவளைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பெரிய வலைக்கொட்டகை கட்டி அங்கே மாற்றினார்கள். வலைக்கு அப்பால் காட்டுக் கொக்குகள் மேயும். இவள் பார்த்துப் பழக வேண்டும், அவையும் இவளைப் பார்த்துப் பழக வேண்டும். ஆட்கள் போவது வருவது தெரியாமலிருக்கக் கொட்டகையின் ஒரு பக்கம் முழுக்கத் திரைத்துணி.

போன கொஞ்ச நாளில் நாத்தனாரின் முகம் தொங்கிவிட்டது. ஒரு நாள் என் தையல் அறையில் வந்து, வெட்டிப்போட்ட துணிகளின் மேலேயே உட்கார்ந்தாள்.

"சரியா சாப்பிட மாட்டேங்குது அண்ணி. காட்டுக் கொக்கு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. கொட்டகைக்குள்ள இங்கேயும் அங்கேயும் நடந்துகிட்டே இருக்கு. எதையோ தேடுது. எதைன்னுதான் தெரியல."

"உடம்புக்கு ஏதும்…"

"எல்லாம் பாத்துட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வத்த ஆரம்பிச்சா கூட்டம் கிளம்பிடும். அதுக்குள்ள சேரலைன்னா…" ஒரு துண்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது ஒரு பெரிய மனிதர் பேண்ட்டுக்கு வெட்டி வைத்திருந்த பாக்கெட் துணி. அவருக்கு வேறொன்று வெட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே காற்றில் திரைத்துணி நெடுகக் கிழிந்தது. கை ஊசியால் தைத்தால் கல்யாணத்துக்குக் கொடுத்த துணியைப் பிள்ளை பிறந்த பிறகு கொடுத்த கதையாகிவிடும். என் வீட்டுக்காரர் என் மிஷினை ஸ்டாண்டோடு தூக்கி வேனில் ஏற்றினார். சதுப்பு ஓரத்தில், கொட்டகைக்குப் பின்னால், நாணல் மறைவில் இறக்கி வைத்தோம். நான் அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, துணியைக் கொடுத்து, மிதிக்க ஆரம்பித்தேன். தட தட தட தட.

உள்ளே நெட்டச்சி நின்றுவிட்டாள்.

கழுத்தை நீட்டினாள். பிறகு ஓடி வந்தாள் பாருங்கள், இறக்கை விரிந்து, கால் பின்ன, விழுந்தடித்து! என் மிஷினுக்கு நேர் எதிரே வலையோடு ஒட்டிக்கொண்டு, குஞ்சாக இருந்தபோது போடுவாளே, தொண்டைக்குள் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அதைப் போட்டாள். அப்படியே ஒற்றைக்காலில் நின்று கண்ணைச் சொருகினாள். நான் மிதிப்பதை நிறுத்தினேன். கண்ணைத் திறந்து பதறினாள். மறுபடி மிதித்தேன். அடங்கினாள்.

பக்கத்தில் நின்ற நாத்தனார் என் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் வேன் நிறுத்தியிருந்த இடம்வரை ஓடினோம். அங்கே போய்த்தான் வாயைத் திறந்தோம்.

"சுவர் அண்ணி! அந்தச் சுவர்!" என்றாள் நாத்தனார். "மனுஷக் குரல் வரக்கூடாதுன்னு ரேடியோவைத் தூக்கிப் பரண்ல போட்டோம். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இந்த மிஷின் ஓடினது ஒருத்தர் காதுலயும் விழலையே!"

எப்படி விழும்? எங்கள் வீட்டில் அது ஒரு சத்தமே இல்லை. அது ஓடினால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். கடிகாரத்தைக்கூடத் துணியில் சுற்றி வைத்தவர்கள் நாங்கள். என் மிஷினைப் போய் யார் நினைப்பார்கள்?

"அப்போ அதுக்கு அம்மா நான் இல்லையா? என் மிஷினா?" என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்த நொடியே நாத்தனாரின் முகத்தைப் பார்த்தேன். இனி என்ன ஆகும்? தையல் மிஷினை அம்மா என்று நினைக்கிற கொக்கைக் கூண்டில் போடாமல் என்ன செய்வார்கள்?

வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். என் நாத்தனார் சேற்றில் முன்னும் பின்னும் நடந்தாள், நகத்தைக் கடித்தாள், பிறகு நின்றாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"ரொம்ப நல்லதா போச்சு அண்ணி. அது எதைத் தேடுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தச் சத்தத்தை வச்சே கூட்டிக்கிட்டுப் போவோம். காட்டுக் கொக்கு எங்க மேயுதோ, அந்தப் பக்கமா மிஷினை வைப்போம். அவ சத்தத்தைத் தேடி அங்க வருவா. வந்து நின்னா பக்கத்துல யார் இருப்பா? கொக்குங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மிஷினைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோயிடுவோம். நீங்க தினம் வரணும். வருவீங்களா?"

"என் கடை?"

அவள் என் பக்கம் திரும்பினாள். பார்த்தாள், அவ்வளவுதான். தவளைக்குக்கூட அப்படித்தான் பரிந்துகொண்டு நின்றாள், பாவி.

கடையைச் சதுப்புக்கே கொண்டுபோனேன். வெறும் மிஷினை ஓட்டினால் பெல்ட்டுக்கும் கேடு, என் மனசுக்கும் கேடு. கைவசம் பள்ளிச் சீருடை வேலை இருந்தது. நாணல் மறைவில் அங்கியோடு உட்கார்ந்து காலர் வைத்தேன், பாக்கெட் வைத்தேன். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை பின்னால் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, உங்க சட்டை ஒவ்வொண்ணுலயும் சேத்து வாசனை வருது. ஒண்ணுல இறகே இருந்துச்சு" என்றார். அது நல்ல சகுனம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொட்டகையின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டோம். நெட்டச்சி சத்தத்தைத் தேடி வெளியே வந்தாள். நான் அப்போதுதான் அந்த இடத்தைப் பார்த்தேன். இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பைகொட்டி இருக்கிறேன், சதுப்பு என்றால் கொசுவும் நாற்றமும் என்றுதான் நினைத்திருந்தேன். காலைப் பனி விலகினால் தண்ணீர் முழுக்க வானம். அதில் பெருங்கொக்குகள் இரண்டு இரண்டாக நிற்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து தலையை வானத்துக்குத் தூக்கி ஒரே மூச்சில் கூப்பிடும். எது எங்கே நிறுத்தியது, எது எங்கே எடுத்தது என்று தையலே தெரியாது. சில நேரம் ஒன்று குதிக்கும், இறக்கையை விரிக்கும், குனியும், ஒரு குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும். உடனே எதிரே இருப்பதும் ஆடும். பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன். அதற்காக ஒரு துளி வருத்தமில்லை. இத்தனை அழகு பக்கத்திலேயே இருக்க, நான் எதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்?

நாத்தனாரையும் அங்கேதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அட்டை கடிக்கும், கவலைப்பட மாட்டாள். வேகாத வெயிலில் அங்கிக்குள் வியர்த்து ஊற்றும், தொலைநோக்கியைக் கீழே வைக்க மாட்டாள். "இவ்வளவு பாடுபட்டு ஒரு கொக்கு. மிச்சத்தையெல்லாம் யாரு காப்பாத்துறது? நம்பிக்கை இருக்கா உனக்கு?" என்று ஒரு நாள் வேனில் கேட்டேன். "ஒண்ணுகூட இல்லாம இருக்கறதுக்கும் ஒண்ணு இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல அண்ணி? இந்த ஒண்ணு வளர்ந்தா முட்டை வைக்கும்" என்றாள். மறுநாள் நூல்கண்டு ஒன்று கூடுதலாகவே எடுத்துக்கொண்டு போனேன்.

மிஷினைப் பின்னுக்குத் தள்ளினோம். நெட்டச்சி முதலில் தவித்தாள், பிறகு தேடுவது குறைந்தது. கூட்டத்தில் ஜோடி இல்லாத கிழட்டுப் பெண் கொக்கு ஒன்று இருந்தது. எல்லோரையும் கொத்தித் துரத்துகிற சிடுமூஞ்சி. அதற்கு இவளைப் பிடித்துவிட்டது. கிழங்கு தோண்டக் காட்டிக்கொடுத்தது. தப்பு செய்தால் மண்டையில் ஒரு போடு போட்டது. எனக்கு ஆத்திரமும் வந்தது, நிம்மதியும் வந்தது.

தண்ணீர் வற்றத் தொடங்கியது. மையத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து தூரத்தில் நின்றார். கடைசிச் சோதனை இரண்டு. மிஷின் சத்தம் கேட்டு நெட்டச்சி வரக்கூடாது. மனிதக் குரல் கேட்டால் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வலை தயாராக இருந்தது. மிருகக்காட்சிசாலையின் வண்டியும் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் மிதிபலகையிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

நாத்தனார் தலையசைத்தாள்.

மெதுவாக மிதித்துவிடலாமா என்று நினைத்தேன். காதில் விழாத மாதிரி மிதித்தால் வரமாட்டாள், தப்பித்துவிடுவாள். ஆனால் அது நெட்டச்சியை ஏமாற்றுகிற வேலை. பாதி மனத்தோடு போனால் பாதி வழியில் செத்துப்போவாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழு வேகத்தில் மிதித்தேன். தட தட தட தட.

நெட்டச்சி தலையைத் தூக்கினாள். என் பக்கம் திரும்பினாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். வந்துவிடேன் என்று என் மனசு கூப்பிட்டது, அதை மறைக்க மாட்டேன். வராதே வராதே என்று என் கால் மிதித்தது. அப்போது அந்தச் சிடுமூஞ்சி பின்னாலிருந்து ஒரு குரல் கொடுத்தது. நெட்டச்சி அதைப் பார்த்தாள், மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு குனிந்து, சேற்றில் எதையோ கொத்தித் தின்றாள். யாரோ தெருவில் போகிறார்கள் என்பதுபோல.

நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். ஊசிக்குக் கீழே துணியே இல்லை. நாத்தனார் வந்து என் தோளைத் தொட்டாள். என் முகத்து வலையைத் தூக்கிவிட்டாள். பிறகு, நெட்டச்சி பிறந்ததிலிருந்து எந்த இடத்தில் ஒரு வார்த்தை கூடாது என்று காவல் காத்தாளோ, அந்த இடத்தில் மெல்லச் சொன்னாள்:

"அண்ணி, இப்ப பேசுங்க. சத்தமா. உங்களை விட்டா இதுக்கு ஆள் இல்ல."

அத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த பேச்சு எங்கே இருந்ததென்று எனக்கே தெரியவில்லை. எழுந்து, நாணலை விலக்கிக்கொண்டு வெளியே வந்து கத்தினேன்.

"அடியே நெட்டச்சி!"

கூட்டம் முழுக்கத் துள்ளி நிமிர்ந்தது. நெட்டச்சியும்தான். முதல் முதலாக அவள் பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன், அவள் என்னைப் பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறாள். என் குரல் அவளுக்கு அந்நியம், என் முகம் அவளுக்கு எமன். சிடுமூஞ்சி முன்னால் ஓட, நெட்டச்சி அதன் பின்னால் ஓடினாள். தண்ணீரை மிதித்து, இறக்கையை அடித்து, நீளமான கால்களைப் பின்னால் நீட்டி, எழும்பிவிட்டாள். எத்தனை பெரிய இறக்கை! அத்தனை கொக்குகளுக்கு நடுவில் எது என் நெட்டச்சி என்று கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரியவில்லை. நல்ல தையல் அப்படித்தான் இருக்கும். எங்கே ஒட்டினோம் என்று தெரியவே கூடாது.

"போடி! திரும்பிப் பாக்காத! மனுஷங்களை நம்பாத, என்னையும் நம்பாத! நல்லா சாப்பிடு, அந்தக் கிழவி கொத்துனா தாங்கிக்கோ! அழகா இருக்கடி நீ, கண்ணு பட்டுரும்! போ, போய்ப் பொழைச்சுக்கோ, பிள்ளைகுட்டி பெத்துக்கோ!"

பின்னால் நாத்தனார் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மிருகக்காட்சிசாலையின் வண்டி காலியாகத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. "போதும் அண்ணி, அவ ரொம்ப தூரம் போயிட்டா" என்றாள். நான் நிறுத்தவில்லை. கடைசிக் கொக்கு மரங்களுக்கு அப்பால் மறையும்வரை பேசிக்கொண்டே இருந்தேன்.